குளவியையும் கிணற்றையும் எழுதிய எஸ்தர் அம்மாள்

செவ்வாய்க்கிழமை காலை வேலூரில் எங்கள் அச்சுக்கூடத்தின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். எழுத்துக் கோக்கும் மாணிக்கம் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றார். அவருடைய மைத்துனி ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கிருந்து முதல் ரயிலில் வந்த ஆள் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"அம்மா, ஆம்பூர் நர்சம்மா போய்ட்டாங்களாம்."

"எந்த நர்சம்மா?" என்று கேட்டேன். ஆம்பூரில் எனக்குத் தெரிந்த நர்சம்மா ஒருவர்தான். ஆனாலும் கேட்டேன். திறந்த பூட்டை மறுபடியும் கதவில் போட்டுப் பூட்டினேன். ஒரு ஜட்கா வண்டி பிடித்து, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காட்பாடிக்குப் போனேன். அடுத்த பாசஞ்சரில் ஏறினால் அடக்கத்துக்கு முன் போய்ச் சேரலாம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் 'எஸ்தர், ஆம்பூர்' என்று கட்டுரையின் அடியில் வரும் இரண்டு சொற்களாகத்தான் பழக்கம். முகம் பார்த்தவர்கள் குறைவு. அவர் கையில் பிறந்தவர்கள்தான் அதிகம். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்பார்கள். அவருடைய அப்பா அப்படி ஒரு ஷாப்பில் தோலின் சதையைச் சீவும் வேலை பார்த்தவர். அம்மா தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டை உரித்தவர். எஸ்தர் மிஷன் பள்ளியில் படித்து, பிரசவம் பார்க்கும் பயிற்சி பெற்று, தான் பிறந்த ஊருக்கே நர்சாகத் திரும்பி வந்தார். கணவர் கோலார் சுரங்கத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து இளம் வயதிலேயே காலமானார். குழந்தைகள் இல்லை. நல்ல உயரம். வெயிலுக்குக் கறுப்புக் குடை. காலில் ஆண்கள் போடும் கனத்த செருப்பு. "நான் நடக்கிற நடைக்கு லேடீஸ் செருப்பு தாங்காது அக்கா" என்பார்.

நான் அவரை அறிந்தது ஒரு சண்டையில். என் கணவர் இறந்தபின் இந்த அச்சுக்கூடத்தையும், பெண்களுக்கென்று அவர் தொடங்கிய மாதப் பத்திரிகையையும் நான் ஏற்று நடத்த ஆரம்பித்த புதிது. தாய்மார்களுக்குப் பயன்படும்படி பிரசவகாலச் சுகாதாரம் பற்றி யாராவது எழுதினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஆம்பூரில் தமிழில் நன்றாக எழுதக்கூடிய ஒரு நர்ஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவருக்கு எழுதினேன். கட்டுரை வந்தது. அது முழுக்க முழுக்க ஒரு குளவியைப் பற்றியது. இது நமக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமே அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே வந்து நின்றார்.

"நான் பிரசவத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். நீங்க குளவியைப் பற்றி எழுதியிருக்கீங்க" என்றேன்.

"பிரசவத்தப் பத்தித்தான் எழுதியிருக்கேன் அக்கா. இன்னொரு தபா படிங்க. நான் இப்படி உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

அவர் எதிரில் இருக்கும்போதே படித்தேன். ஒரு குடிசையில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது. எஸ்தர் அம்மாள் சுவரில் சாய்ந்து காத்திருக்கிறார். அதே சுவரின் மூலையில் ஒரு குளவி மண் கூடு கட்டுகிறது. ஈர மண்ணை உருண்டையாகக் கொண்டுவந்து ஒட்டும்போது அதன் ரீங்காரம் மாறுகிறது. பறக்கும்போது வரும் சத்தம் வேறு, மண்ணைப் பூசும்போது வரும் சத்தம் வேறு. குளவி வீட்டுக்குள் கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று மாமியார் சந்தோஷப்படுகிறாள். குளவி பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்து கூட்டுக்குள் அடைக்கிறது. கடைசியில் வாயை மண்ணால் மூடிவிட்டு, ஜன்னல் வழியே போய்விடுகிறது. திரும்பி வரவில்லை. கட்டுரை இப்படி முடிந்தது: "உள்ளே இருப்பது இன்னதென்று குளவி பார்ப்பதில்லை. தேவையானதை எல்லாம் வைத்துவிட்டுப் போகிறது. இங்கே குழந்தை பிறந்ததும் நான் அதன் வாயைத் துடைப்பதற்கு முன்னே மாமியார் துணியை விலக்கிப் பார்த்தாள். பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள்."

படித்து முடித்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் கட்டியிருந்த வண்டிமாட்டின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதமே அதை அச்சுக்குக் கொடுத்தேன். அந்தக் கட்டுரைக்கு வந்ததுபோல் அதற்கு முன்பு எதற்கும் கடிதங்கள் வந்ததில்லை. சிலர் திட்டினார்கள். பல பெண்கள், தங்கள் வீட்டிலும் ஒரு குளவி கட்டியிருக்கிறது என்று மட்டும் எழுதினார்கள்.

எப்படி எழுதுகிறீர்கள் என்று அவரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான். "என் வேலையே காத்திருக்கிறது அக்கா. பிரசவத்துல கை வேலை கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் சும்மா உக்காந்திருக்கணும். அவசரப்பட்டா ஆபத்து. அப்ப கண்ணு எங்கயாவது போவுமில்ல? போற எடத்துல அதுபாட்டுக்கு விட்டுடுவேன்." புழக்கடைகள், மாட்டுக் கொட்டகைகள், கிணற்றடிகள், ஷாப்புக்குப் பின்னாலுள்ள குப்பை மேடுகள் இவைதான் அவர் பார்த்த இயற்கை. ஏலகிரி மலைக்கோ ஜவ்வாது மலைக்கோ அவர் இயற்கையைத் தேடிப் போனதாக நான் அறியேன். சீவியெறிந்த சதைக்காகக் காத்து நிற்கும் பருந்துகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஷாப்பின் நாற்றத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். "உள்ளே போனவுடன் மூக்கு எல்லாவற்றையும் சொல்லும். கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். ஆகவே மூக்கு பேசும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்" என்பது அதில் வரும் வரி.

ஆவாரம்பூவைப் பற்றிய கட்டுரையில் அவருக்கும் எனக்கும் இன்னொரு வாக்குவாதம் வந்தது. ஆடி மாதத்தில் பாலாற்றங்கரை மேடுகளில் ஆவாரம் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பதையும், பெண்கள் அதை வெட்டிக் கட்டி, நிழலில் உட்கார்ந்து பட்டை உரிப்பதையும் எழுதியிருந்தார். பட்டை ஷாப்புக்குப் போகும். உரித்த குச்சி அடுப்புக்குப் போகும். பூவை உதிர்த்து முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். எனக்கு அந்தக் கட்டுரை மிகவும் வறண்டிருப்பதுபோல் தோன்றியது. பத்திரிகை நடத்துகிறவளின் உரிமையில், 'தங்க மலர்கள் கதிரவனைக் கண்டு புன்னகை பூத்தன' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

அச்சுப் பிழை பார்க்க அனுப்பிய தாளோடு ஆம்பூரிலிருந்து அவரே வந்துவிட்டார்.

"அக்கா, பூ சிரிக்கலியே."

"அது ஒரு அழகுக்காக."

"நான் பாத்தப்ப அது சும்மாத்தான் இருந்துச்சி. உரிக்கிறவங்கதான் சிரிச்சாங்க. ஒருத்தி புருஷனப் பத்தி இன்னாமோ சொன்னா, அல்லாரும் சிரிச்சாங்க. வேணும்னா அத போடுங்க."

அதைத்தான் போட்டோம். இன்று அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தால் அந்தப் பெண்களின் சிரிப்பு என் காதில் விழுகிறது.

இனி நான் சொல்லப்போவதை உங்களில் சிலர் பாதி அறிவீர்கள். கிணற்றைப் பற்றிய கட்டுரைகளைப் படித்திருப்பீர்கள். கட்டுரைகளுக்கு இடையில் நடந்ததை அவர் எழுதவில்லை. அவர் இருந்தவரை நானும் சொல்லவில்லை.

ஆம்பூரில் ஒரு பெரிய ஷாப்பை ஒட்டி அங்கே வேலை செய்கிறவர்களின் குடிசைகள் வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசைக்கு ஒரே கிணறு. பிரசவம் பார்க்கப் போகும்போதெல்லாம், வெந்நீர் காயும் வரை எஸ்தர் அம்மாள் அந்தக் கிணற்றடியில் உட்காருவார். கல் இடுக்கில் தவளைகள் இருக்கும். தண்ணீரின் மேல் நீண்ட கால்களோடு ஓடும் பூச்சிகள் இருக்கும். எப்போதாவது ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். ஒரு வருஷம் மழைக்குப் பின் போனபோது இவற்றில் எதுவுமே இல்லை. அடுத்த முறையும் இல்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. தண்ணீர் எடுக்க வந்த பெண்களைக் கேட்டார். சோப்பு நுரைக்கவில்லை என்றார்கள். பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகவில்லை என்றார்கள். தோலின் மயிரைப் போக்க ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளிலிருந்து வரும் தண்ணீர் கிணற்றுக்கு மேல்புறம் ஒரு பள்ளத்தில் தேங்கி நிற்பதைப் பார்த்தார். பார்த்ததை எழுதினார். 'தவளை இல்லாத கிணறு' என்று தலைப்பு. யாருடைய ஷாப்பு என்று அதில் இல்லை. யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. இருந்தவை, இப்போது இல்லாதவை, பெண்கள் சொன்னவை, பள்ளம் இருக்கும் இடம் ஆகியவை மட்டும்தான் இருந்தன.

ஆம்பூரில் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் யாரோ டீக்கடையில் அதைச் சத்தம்போட்டுப் படித்திருக்கிறார்கள். ஷாப்பின் மேஸ்திரி அதைக் கேட்டுவிட்டார். நர்சம்மா இனி இந்த வரிசைக்குள் வரக்கூடாது, யாரும் அவரைக் கூப்பிடவும் கூடாது, கூப்பிட்டால் வேலை இல்லை என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டார். எஸ்தர் அம்மாளுக்கு இது தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து ஏன் யாரும் வரவில்லை என்று மட்டும் நினைத்திருக்கிறார்.

அந்த வரிசையில் சின்னப்பொண்ணு என்ற பெண் நிறைமாதமாக இருந்தாள். மாதாமாதம் எஸ்தர் அம்மாள்தான் அவளைப் பார்த்து வந்தவர். வலி எடுத்தபோது அவளுடைய வீட்டார் பயந்துகொண்டு அவரைக் கூப்பிடவில்லை. குழந்தை கால் முன்னால் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

இதைக் கேள்விப்பட்ட மறுநாள் அவர் வேலூருக்கு வந்தார். குடையை மடக்காமலே அச்சுக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"நான் எழுதாம இருந்திருந்தா என்னக் கூப்பிட்டிருப்பாங்க அக்கா."

"நீங்க போயிருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ."

"தெரியாது. கால் முன்னால வந்ததெல்லாம் எடுத்திருக்கேன். எடுக்க முடியாமப் போனதும் உண்டு. ஆனா அங்க இருந்திருப்பேன் இல்ல?"

அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஷாப்பு சாயபுவப் பாக்கப் போறேன். கூட வர்றீங்களா?" என்றார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன்.

ஷாப்பின் முதலாளியை ஷெரீப் சாயபு என்று சொல்லிக்கொள்கிறேன். அது அவருடைய பெயர் அல்ல. வெள்ளைத் தாடி வைத்த, நிதானமான மனிதர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார்.

"வாங்க நர்சம்மா. பத்திரிகைக்காரம்மாவும் வந்திருக்காங்களா? கிணத்தப் பத்தித்தானே? ஆளுங்க சொன்னாங்க. ஊரெல்லாம் நமக்கு ஒரே பேஜார் ஆயிடுச்சி."

"இல்லீங்க. கிணத்தப் பத்தி சொல்ல வேண்டியத எழுதிட்டேன். நான் வந்தது சின்னப்பொண்ணுக்காக."

"எந்தச் சின்னப்பொண்ணு?"

எஸ்தர் அம்மாள் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. வார்டில் டாக்டரிடம் நோயாளியின் நிலைமையைச் சொல்வதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். முடிந்ததும் சாயபு மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நர்சம்மாவக் கூப்பிடக் கூடாதுன்னு நான் சொன்னேனா?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "நம்ம ஷாப்பு பேரு கெட்டுப்போவுதேன்னுதான் சாயபு..."

"எங்க வீட்டுப் புள்ளைங்க அத்தினி பேரையும் எடுத்தது இந்தம்மா கைதான். எங்க வூட்டுக்கு வரலாம், உங்க வூட்டுக்கு வரக்கூடாதா?"

சாயபு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "கிணறு எங்க இருக்குது, காட்டுங்க" என்றார். தன் சுவருக்குப் பின்னாலுள்ள அந்த வரிசைக்குள் அவர் அதுவரை போனதில்லை என்பது அவரைப் பார்த்து எழுந்து நின்ற பெண்களின் முகத்திலேயே தெரிந்தது. ஒரு பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வாளியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றச் சொல்லி வாயில் வைத்தார். உடனே துப்பினார்.

"இதத்தான் குடிக்கிறீங்களா?"

"வேற எதக் குடிக்கிறது சாயபு?" என்றாள் அவள், கயிற்றை விடாமல்.

அந்த வாரமே தேங்கிய பள்ளத்தைத் தூர்த்தார்கள். தண்ணீர் கிணற்றுப் பக்கம் வராமல் வேறு பக்கமாக வாய்க்கால் வெட்டினார்கள். எஸ்தர் அம்மாள் மறுபடி அந்த வரிசைக்குப் போக ஆரம்பித்தார். சின்னப்பொண்ணைத்தான் முதலில் போய்ப் பார்த்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதை. பத்திரிகைக்குக் கிடைத்த வெற்றி என்று நான் பெருமைப்படவும் தொடங்கியிருந்தேன். மழை வந்து போனது. ஆற்றோட்டத்தில் சற்றுக் கீழே உள்ள ஒரு சின்ன ஊரிலிருந்து எஸ்தர் அம்மாளைப் பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த ஊர்ப் பெண்கள் ஆற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுக்கிறவர்கள். வெந்நீர் போடத் தண்ணீர் கேட்டபோது அந்த வீட்டு அம்மாள் சொன்னாளாம்:

"இருங்க நர்சம்மா, தூரமாப் போய் எடுத்தாரணும். நம்ம ஊத்துத் தண்ணி எதுக்கும் ஆவறதில்ல. ஷாப்பு வாய்க்கால் இந்தப் பக்கம் திரும்பிடிச்சே. யாரோ பொஸ்தகத்துல எழுதிட்டாங்களாம், அதுலேர்ந்து."

எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியாது. எஸ்தர் அம்மாள் பிரசவத்தை முடித்துவிட்டு, தாயையும் பிள்ளையையும் பார்க்கவேண்டிய அளவுக்குப் பார்த்துவிட்டு, புறப்படும்போது, "அத எழுதினது நான்தான்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள், "சாப்ட்டுட்டுப் போங்க" என்றாளாம். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார்.

இரண்டாவது கட்டுரைக்கு 'வாய்க்கால் திரும்பிய இடம்' என்று பெயர். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சாயபுவிடம் படித்துக் காட்ட வேண்டும் என்றார். போனமுறை செய்யாததை இந்த முறை செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அப்போதும் நான் கூட இருந்தேன். சாயபு கடைசிவரை கேட்டார். இந்த முறை அவருக்குக் கோபம் வந்தது.

"அங்க விட்டா கிணறு. இங்க விட்டா ஆறு. எங்கதான் விடச் சொல்றீங்க? ஆகாசத்துலயா? ஷாப்ப மூடிடட்டுமா? எத்தினி வூடு அடுப்பு எரியுது இதுல, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எங்கப்பா, அம்மா ரெண்டு பேரும் ஷாப்புலதான் கெடந்தாங்க. நான் வளர்ந்ததே அந்தச் சோத்துலதான். மூடச் சொல்லல சாயபு. எனக்கு வழி தெரியல. இன்னா ஆச்சின்னு மட்டும்தான் தெரியும்."

"வழி தெரியாம ஏன் எழுதறீங்க?"

எஸ்தர் அம்மாள் படித்துக் காட்டிய தாள்களை மடித்தார். "பாத்துட்டேனே, அதனால" என்றார்.

எங்கே விடச் சொல்கிறீர்கள் என்று சாயபு கேட்ட கேள்வியை அப்படியே கட்டுரையின் கடைசியில் சேர்த்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை என்ற ஒரு வரியோடு கட்டுரை முடிந்தது. வாசகர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தீர்வும் சொல்லாமல் இப்படி முடிக்கலாமா என்று எழுதினார்கள். எனக்கும் அன்று அந்தக் குறை இருந்தது. சில மாதங்கள் கழித்து சாயபு ஷாப்புக்குள்ளேயே கல் கட்டிய ஆழமான குழிகளைத் தோண்டினார். சுண்ணாம்பு அடியில் தங்கி, தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியே போகும்படி செய்தார். பெருமழையில் அவை நிரம்பி வழிகின்றன. முன்னைவிடக் குறைவு என்று கீழ் ஊர்ப் பெண்கள் சொல்கிறார்கள். போதும் என்று யாரும் சொல்லவில்லை. மற்ற ஷாப்புக்காரர்கள் எவரும் அப்படிக் குழி தோண்டியதாகத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அந்தக் கிணற்றைப் பற்றி அவர் மூன்றாவதாக எழுதியது சிறிய கட்டுரை. ஒரு பக்கம்கூட வராது. கிணற்றின் கல் இடுக்கில் ஒரு தவளையைக் கண்டதைப் பற்றி எழுதியிருந்தார். நமது எழுத்தின் பலனாகத் தவளை திரும்பியது என்று ஒரு குறிப்பு போடலாமா என்று கேட்டேன். "அது தானா வந்துச்சோ, மழையில வழுக்கி விழுந்துடுச்சோ, யாருக்குத் தெரியும்? அதுக்கிட்ட கேக்காம எப்படிப் போடறது?" என்று சிரித்தார். சின்னப்பொண்ணின் குழந்தை போன பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

போன மாதம் நெஞ்சில் சளி கட்டி ஜுரம் வந்து, அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுத்துவிட்டார். பார்க்கப் போயிருந்தேன். தலையை உயர்த்த முடியாத நிலை. ஜன்னல் அவர் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

"வெளிய இன்னா இருக்குது அக்கா?"

"ஒரு மரம். ஒரு காக்கா."

"இன்னா மரம்?"

எனக்குத் தெரியவில்லை. இலையின் வடிவத்தைச் சொன்னேன். "புங்கமரம். சரி, காக்கா இன்னா பண்ணுது?" என்றார்.

"சும்மா உட்கார்ந்திருக்கு."

"காக்கா சும்மா உக்காராது. நல்லாப் பாருங்க."

பார்த்தேன். அச்சு எழுத்துகளைத் தவிர வேறெதையும் அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. காக்கை அலகில் ஒரு கம்பித்துண்டை வைத்திருந்தது. கிளையிடுக்கில் வைத்துப் பார்த்தது. சரியாக நிற்கவில்லை. எடுத்துத் திருப்பி வைத்தது. பக்கத்துக் கிளையில் இன்னொன்று வந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "அப்புறம்?" என்பார். சொல்வேன். மறுபடியும் "அப்புறம்?" கம்பி கீழே விழுந்தது. காக்கை இறங்கிப் போய் எடுக்கவில்லை, வேறு திசையில் பறந்துவிட்டது என்றேன். "எடுக்காது. விழுந்தத அது எடுத்து நான் பாத்ததே இல்ல. ஏன்னு தெரியல" என்றார். பேசியதில் இருமல் வந்துவிட்டது. நர்சுப் பெண் வந்து என்னைப் போகச் சொன்னாள். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை நான் ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். அவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஷாப்பிலிருந்து வேலையைப் பாதியில் விட்டு வந்தவர்கள் கைகூடக் கழுவாமல் நின்றார்கள். இடுப்பில் பிள்ளையோடு சின்னப்பொண்ணு நின்றாள். அது அதற்குப் பின் பிறந்த பிள்ளை. சாயபு வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில், அடக்கம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். போதகர் ஜெபம் செய்தார். பெண்கள் பாடினார்கள். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. குழியின் ஓரத்தில் நின்றிருந்தேன்.

அப்போது வெட்டிப் போட்டிருந்த மண்ணைப் பார்த்தேன். முதலில் வெட்டியெடுத்தது செம்மண். குவியலில் கடைசியாகப் போட்டது, குழியின் அடியிலிருந்து வந்தது, வேறாக இருந்தது. வெளிறிய, பருமனான மணல். குனிந்து கொஞ்சம் எடுத்தேன். அதில் நகத்தளவு ஒரு கிளிஞ்சல் இருந்தது. உடையாமல், உள்பக்கம் வெள்ளையாக. ஆறு அங்கிருந்து வெகு தூரம். அப்படியானால் எந்தக் காலத்திலோ ஆறு இந்த வழியாகப் போயிருக்க வேண்டும். அல்லது யாராவது எதற்காகவோ மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கலாம். மணலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எஸ்தர் அம்மாளைத் தேடித் தலையை நிமிர்த்தினேன்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்து, என்னோடு இருப்பது இந்தத் தேடல்தான். கண்ணில் பட்டதை உடனே ஒருவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்ற பரபரப்பு. இந்த வயதில் எனக்கு வந்து ஒட்டிக்கொண்டது. கேட்டுவிட்டு "அப்புறம்?" என்று சொல்ல அவர் இல்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்: ஆம்பூர்க் கல்லறைத் தோட்டத்தில், ஆளுயர ஆழத்தில், ஆற்று மணல் இருக்கிறது.